கோள்களைக் கற்பிக்க எது உதவும்: தெர்மகோலா, திரையா, மணலா, வானமா?

இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில் சூரியக் குடும்பப் பாடம் வரும்போது ஆசிரியருக்கு நான்கு வழிகள் உண்டு: தெர்மகோல் உருண்டை மாதிரி, திரையில் ஓடும் படம், மணலில் அளவெடுத்து அமைக்கும் மாதிரி, நேரடியாக வானம் பார்த்தல். எது எளிது என்று பார்ப்பதைவிட, எது மாணவர் மனத்தில் என்ன தவறான எண்ணத்தைப் பதித்துவிடுகிறது என்று பார்த்துத்தான் இவற்றை எடைபோட வேண்டும்.

தெர்மகோல் மாதிரி கோள்களின் வரிசையை மனப்பாடம் செய்ய உதவும்; அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. எட்டுக் கோள்களும் சாண் இடைவெளியில் ஒரே கோட்டில் நிற்கின்றன. மோட்டார் பொருத்தினாலும் எல்லாம் ஒரே தண்டில் சேர்ந்து சுழன்றால், புதன் 88 நாளில் சூரியனைச் சுற்றிவிடுவதும் நெப்டியூன் ஒரு சுற்றுக்கு 165 ஆண்டு எடுப்பதும் கண்ணில் படாமலே போய்விடும்.

திரைப்படங்கள் இயக்கத்தை நன்றாகக் காட்டுகின்றன. ஆனால் கோள்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றைப் பெரிதாக்கி, தூரத்தைச் சுருக்கிவிடுகின்றன. ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளுக்கு இந்தக் குறை கிடையாது. அது பூமியிலிருந்து தெரியும் வானத்தையே காட்டுகிறது. ஆயினும் வானத்தை ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்காத மாணவருக்கு அதுவும் மற்றொரு விளையாட்டுச் செயலியாகவே தோன்றும்.

மணல் மாதிரிதான் இந்த மாவட்டத்துக்கு வாய்த்த வசதி. ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டால் சூரியனுக்கு 14 சென்டிமீட்டர் குறுக்களவு வரும். உரித்த பெரிய தேங்காய் ஒன்று போதும். பூமி 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகு. வியாழன் 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு; நெப்டியூன் 450 மீட்டரில் ஒரு மிளகு. அரியமானிலோ தனுஷ்கோடியிலோ இந்தத் தூரத்தை நேராக நடந்துவிடலாம். காற்று பலமாக வீசும் கரை என்பதால் கடுகையும் மிளகையும் அட்டையில் ஒட்டிக் குச்சியில் கட்டி நடுவது நல்லது. மிளகின் அருகே நின்று திரும்பிப் பார்க்கும் மாணவருக்குத் தேங்காய் தெரிவதே அரிது என்பதால், விண்வெளியின் பெரும்பகுதி வெற்றிடம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இயக்கத்தையும் இங்கேயே காட்டிவிடலாம். கயிற்றின் ஒரு முனையை நடுவில் முளையடித்துக் கட்டி, ஈரமணலில் 15 மீட்டர், 23 மீட்டர் ஆரத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்து, ஒரு விசில் ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால், பூமியாக நடப்பவர் விசிலுக்கு ஏறக்குறைய 8 மீட்டரும் செவ்வாயாக நடப்பவர் 6 மீட்டருக்குச் சற்று மேலும் நகர வேண்டும். உள்வட்டத்துக்காரர் வெளிவட்டத்துக்காரரை முந்தும் நேரத்தில், தொலைவிலுள்ள பனைமரங்களின் பின்னணியில் செவ்வாய் பின்னோக்கிப் போவதுபோலப் பூமியாக நடப்பவருக்குத் தோன்றும். பஞ்சாங்கம் வக்கிரம் என்று குறிப்பது இதைத்தான். பாடநூல் படங்களில் நீள்வட்டம் மிகையாக நசுங்கியிருப்பதால், சூரியனை நெருங்குவதால்தான் கோடை வருகிறது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இந்த அளவுத்திட்டத்தில் பூமியின் பாதை கண்ணுக்கு வட்டமாகவே இருக்கும். தேங்காயை மட்டும் மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் நகர்த்தி வைத்தால் போதும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதோ ஜனவரி தொடக்கத்தில். இங்கே வெயில் கொளுத்துவது ஏப்ரல், மே மாதங்களில்.

வானம் பார்ப்பதற்குச் செலவில்லை, பொறுமைதான் வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விடிவெள்ளி புதிதன்று. வெள்ளிக் கோள் விடியலில் தெரியும் மாதங்களில் வாரம் ஒருமுறை, சூரியன் உதிப்பதற்கு முன் ஒரே நேரத்தில் அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைத் தம் வீட்டு வாசலிலிருந்தே குறித்துவரச் சொல்லலாம். வியாழனும் சனியும் ஒரு பருவத்துக்குள் அதிகம் நகர்வதில்லை. அதற்கு வீட்டில் கேட்கும் பேச்சே கைகொடுக்கும். குருப்பெயர்ச்சி ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை, சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை; 12 ராசிகளால் பெருக்கினால் வியாழனுக்கு 12 ஆண்டு, சனிக்கு 30 ஆண்டு என்று சுற்றுக்காலம் வந்துவிடும். உண்மை அளவுகளான 11.9, 29.5 ஆகியவற்றுக்கு இது மிக அருகில் உள்ளது. பலன் சொல்வதை நம்புவதும் விடுவதும் வேறு, கணக்கு கணக்குதான். தேவிபட்டினம் கடலில் ஒன்பது கிரகங்களைக் குறித்து நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்த மாணவர், அந்த ஒன்பதில் பூமி ஏன் இல்லை என்று கேட்டால், அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

ஆகவே என் தேர்வு மணலும் வானமும் சேர்ந்தது. தூரத்துக்கும் வேகத்துக்கும் மணல், நிரூபணத்துக்கு வானம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம் வானத்தை அடிக்கடி மறைத்துவிடும் என்பதால், அந்த மாதங்களில் ஸ்டெல்லேரியத்தைத் திறக்கலாம். அதற்கு முன்பே மாணவர்கள் சில வாரம் வெள்ளியைக் குறித்திருக்க வேண்டும். ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் தேங்காயும் கடுகும் கயிறும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போகலாம். கரை எட்டாத பள்ளிக்கு விளையாட்டுத் திடல் போதும். நெப்டியூனை மட்டும் ஊர் எல்லையில் நட வேண்டியிருக்கும்.