டோக்கன் வரிசையா, நான்கு நிறமா?

பிரசவ அறைக்கு வருபவர்களில் யாரை முதலில் பார்ப்பது? கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழர் அதிகமுள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வந்த வரிசைப்படி டோக்கன் கொடுத்தால் சண்டை குறையும், அவ்வளவுதான். தலைவலி, கண்மங்கல், 160/110 பிரஷரோடு வந்தவர் பன்னிரண்டாவது டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கர்ப்பிணிக்கு வலிப்பு வரலாம் என்பதற்கான அறிகுறிகள் இவை. வலிப்பு டோக்கன் பார்த்து வருவதில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவான பிஎஸ்ஓடிஎஸ் (BSOTS) முறை, கர்ப்பிணிகளை அறிகுறிப்படி அவசர வரிசையில் பிரிப்பது. இதில், வந்த 15 நிமிடத்துக்குள் பேறுகால நர்ஸ் பார்த்துவிட வேண்டும்: நாடி, பிரஷர், மூச்சு, காய்ச்சல், வயிறு, குழந்தையின் இதயத்துடிப்பு. பிறகு அவசரத்துக்கேற்ற நிறம். அடுத்த கவனிப்பு எப்போது என்பதை அது சொல்லும்: சிவப்பு உடனே, ஆரஞ்சு 15 நிமிடம், மஞ்சள் 1 மணி, பச்சை 4 மணி நேரத்துக்குள். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைவு என்று வந்த காரணத்துக்கேற்பத் தனித்தனித் தாள். நாங்கள் இதைத்தான் எடுப்போம்.

ஆனால் முதல் பரிசோதனை செய்பவரையே பதிவுக்கும் போனுக்கும் உட்காரவைத்தால் அந்த 15 நிமிடம் கரைந்துவிடும். அவரை வேறு வேலைக்கு இழுக்கவே கூடாது. ஒருமுறை போட்ட நிறத்தோடு விடுவதும் தவறு. வலி கூடினால் மறுபடி பார்த்து மாற்ற வேண்டும். பச்சையில் இருப்பவரிடம், "இப்போ ஆபத்து ஒண்ணுமில்லைங்க, அதனாலதான் உட்கார வச்சிருக்கோம்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். பொள்ளாச்சிக்கு அனுப்பினால் ரெஃபரல் சீட்டில் நிறமும் நேரமும் எழுதுங்கள்.