செகண்ட் ஹேண்ட் கிளாசிக் 350: கைக்கு வந்த பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டர்

விற்பனைக்கு என்று வரும் பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எல்லாம் ஒரே வண்டி கிடையாது. 2009 கடைசியில் வந்து சுமார் பத்து வருடம் ஓடியது கார்புரேட்டர் வைத்த யூ.சி.இ. எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருப்பது). பி.எஸ்.6 புகை விதிக்காக 2020 ஜனவரியில் அதே எஞ்சினுக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் மாட்டினார்கள். 2021 செப்டம்பரில் வந்ததற்குப் பெயர் மட்டும்தான் பழசு. சேசிஸும் எஞ்சினும் புதுசு. இந்த விமர்சனம் முதல் வகைக்கு, அதாவது கார்புரேட்டர் வண்டிக்கு. இன்றும் அது நிறையக் கைமாறுகிறது.

346 சிசி. போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ. 5,250 ஆர்.பி.எம்.மில் 19.8 பி.எச்.பி., 4,000 ஆர்.பி.எம்.மில் 28 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரோக் இவ்வளவு நீளமாக இருப்பதால் இழுவை கீழ் வேகத்திலேயே கிடைத்துவிடும். மேலே முறுக்கினால் வேகத்தைவிட அதிர்வுதான் அதிகம் வரும். மணிக்கு 60 முதல் 75 கிலோமீட்டர் வரை இந்த வண்டி அருமை. 85ஐத் தாண்டினால் கைப்பிடியில் கையும் ஃபுட்ரெஸ்ட்டில் காலும் மரத்துப்போகும். இது பழுது இல்லை, சரிசெய்ய முயன்று காசைக் கரைக்க வேண்டாம்.

எஞ்சின் லேசில் சாகாது. இந்த வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் மாட்டியதும் நோண்டியதும்தான்: சத்தத்துக்காக மாற்றிய சைலன்சர், ஒயரைச் சுரண்டி இணைத்த ஹாரன், 'டப் டப்' கேட்க வேண்டும் என்று இறக்கி வைத்த ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்). அதனால் பெயிண்ட்டில் கீறலோடு கம்பெனி பாகங்கள் அப்படியே இருக்கும் வண்டி, பளபளவென்று அலங்காரம் செய்த வண்டியைவிட மேல். வருடத்தைப் பொறுத்தவரை, 2017 செப்டம்பருக்குப் பிறகு பின் சக்கரத்துக்கும் டிஸ்க் வரத் தொடங்கியது, 2018இல் ஏ.பி.எஸ். வந்தது. அதற்கு முந்தையவற்றில் பின்னால் 153 மி.மீ. டிரம். 190 கிலோவை ஒட்டிய வண்டிக்கு அந்த டிரம் போதாது என்பதே எங்கள் கருத்து. முன் டிஸ்க்கை நம்பித்தான் ஓட்ட வேண்டும். ஆகவே அதன் பேடையும் பிரேக் ஆயிலையும் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். டாட் 4 ஆயில். இரண்டு வருடம் ஆனாலே அது ஈரத்தை உறிஞ்சி, தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது லிவர் பஞ்சு போல இறங்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை எஞ்சின் ஆயில். "போன மாசம்தான் மாத்தினேன்" என்ற வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு, ஆயிலை மாற்றிவிடுங்கள். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடியுங்கள். வடிந்ததை ஒரு பழைய வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மாவு மாதிரி நைசான பொடி இருந்தால் பரவாயில்லை. நகத்தில் மாட்டும் அளவுக்குச் செதில் இருந்தால் உள்ளே ஏதோ அரைபடுகிறது, அதற்குமேல் ஓட்டாமல் எஞ்சினைத் திறந்து பார்ப்பதே சரி. ஃபில்டரும் கூடவே மாற வேண்டும். அதன் மூடியில் இருக்கும் ஓ-ரிங்கைப் பழசையே திரும்பப் போடுவது இங்கே வழக்கம். ஒரு வாரத்தில் அந்த இடத்தில் ஆயில் கசிந்து நிற்கும். புது ஆயில் 15டபிள்யூ50, ஜாசோ எம்.ஏ. தரம் (பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று டப்பாவில் இருக்கும் குறி). கிளட்ச் தட்டுகள் இதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். முதலில் 2 லிட்டர் ஊற்றி, இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்கும்போது எஞ்சினின் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து மீதியைச் சேருங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்த அளவு பொய். ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட் அலுமினியத்தில் இறங்குகிறது, வாஷர் அமுங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு கால் சுற்று இழுத்தால் மரை போய்விடும்.

அடுத்தது ஐடிலிங். இந்த எஞ்சினில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள். அவை வேலை செய்ய ஆயில் அழுத்தம் வேண்டும். ஆயில் பம்ப் ஓடுவது எஞ்சின் வேகத்தில். ஐடிலிங்கை 700, 800க்கு இறக்கி வைத்தால் சத்தம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மேலே வால்வைத் திறக்கும் ராக்கருக்கு ஆயில் சரியாகப் போகாது, பேட்டரியும் சார்ஜ் ஏறாது. ஆயிரத்துச் சொச்சத்தில் வையுங்கள். ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது என்பதால் மெக்கானிக்கிடம் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி 'டிக் டிக்' என்று கேட்டு அடங்கினால் லிஃப்டருக்குள் ஆயில் நிரம்புகிறது என்று அர்த்தம், விட்டுவிடலாம். சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் ஆயில் அளவு, அதற்குப் பிறகு லிஃப்டர். "டேப்பெட் டைட் வைக்கணும்" என்று யாராவது ஸ்பேனரை எடுத்தால் அவர் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டை நினைத்துக்கொண்டிருக்கிறார். இதில் அப்படித் திருக எதுவும் இல்லை. வேறு மெக்கானிக்கைத் தேடுங்கள்.

செல்ஃப் ஸ்டார்ட்டர்தான் இந்த வண்டியின் பலவீனமான இடம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு ஸ்ப்ராக் கிளட்ச் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் விட்டுவிடும். பேட்டரி சோர்ந்திருக்கும்போது பட்டனை அழுத்தினால் பிஸ்டன் அழுத்த நிலையைத் தாண்ட முடியாமல் பின்வாங்கி உதைக்கும். அந்த அடி முழுக்க ஸ்ப்ராக்கின் மீது விழும். இப்படிச் சில மாதம் போனால் மோட்டார் 'விர்ர்' என்று சுற்றும், எஞ்சின் அசையாது. மாற்ற வேண்டும் என்றால் இடப்பக்க மூடியைத் திறந்தாக வேண்டும், சில்லறை வேலை இல்லை. அதனால் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். செல்ஃப் அழுத்தும் நொடியில் 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்றுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுத்து வைத்தால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். கீழே இருந்தால் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரோ, அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ, 15ஐத் தாண்டினால் சந்தேகமே இல்லாமல் ரெகுலேட்டர். நாளின் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கரில் எடுப்பது பழசாகத் தெரியலாம், ஆனால் ஸ்ப்ராக்குக்கு அதைவிட நல்லது இல்லை.

ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று செத்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், மைலேஜும் இழுவையும் மட்டும் குறையும். பலர் இதை வருடக்கணக்கில் கவனிப்பதில்லை. வண்டியை அணைத்துவிட்டு ஒரு பக்கக் கேப்பைக் கழற்றி, அதில் ஒரு உதிரி பிளக்கைச் செருகி எஞ்சின் ஹெட்டின் மீது படும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மறுபக்கப் பிளக்கில் மட்டும் ஓட வேண்டும். பிறகு பக்கத்தை மாற்றிப் பாருங்கள். கேப்பை வெறுமனே தொங்கவிட்டுச் செய்யாதீர்கள், காயில் கெடும்.

நீண்ட நாள் நின்ற வண்டி என்றால் கார்புரேட்டர் கட்டாயம் கழன்று சுத்தமாக வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், நின்ற இடத்தில் பைலட் ஜெட்டை (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையை) அடைக்கும். சோக் போட்டால் மட்டும் ஐடிலிங் நிற்கிறது, எடுத்தால் அணைகிறது என்றால் அதுதான் காரணம். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும். ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகியும் வண்டி மந்தமாகவே போனால் மேல் மூடிக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசித்துளைகூடத் தெரியும். மாற்று சைலன்சர் போட்டிருந்து, ஆக்சிலரேட்டரை விடும்போது படபடவென்று வெடித்தால் கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது அல்லது சைலன்சர் வாயில் கேஸ்கெட் கசிகிறது. கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டுவது எல்லாவற்றையும்விட மலிவான வைத்தியம், போலீஸ் தொல்லையும் இல்லை.

செயினின் தளர்வு 25 முதல் 30 மி.மீ. சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டும். ஒரு இடத்தில் இறுக்கம், இன்னொரு இடத்தில் தொங்கல் என்றால் செயின் சீராக நீளவில்லை. அப்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்தே மாற்றுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுத்து விடும்போது பின்னால் 'டொக்' என்று உதைத்தால் பின் ஹப்பில் இருக்கும் கப்ளிங் ரப்பர் தேய்ந்துவிட்டது.

டயரில் நான்கு இலக்க எண் தேடுங்கள். 2318 என்றால் 2018ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடத்தைத் தாண்டிய டயரில் பட்டன் (மேல் வெட்டு) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மழையில் நம்ப முடியாது. காற்று தனியாகப் போகும்போது முன்னால் 20, பின்னால் 30 பி.எஸ்.ஐ.; பின்னால் ஆள் இருந்தால் 22, 32. காற்று பிடிக்கும் இடத்தில் கேட்காமலே இரண்டுக்கும் 30 வைத்துவிடுவார்கள், பிறகு முன் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்பது தளர்ந்தது.

சென்டர் ஸ்டாண்டில் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் பல்லில் உட்கார்வது போல நின்றால் ஸ்டியரிங் பேரிங்கில் குழி விழுந்துவிட்டது. இறுக்கினால் சரியாகாது, செட்டாக மாற்ற வேண்டும். இந்த எடைக்கும் நம் ரோட்டுக்கும் இது எதிர்பார்க்க வேண்டிய செலவுதான். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கலாம்.

அதிர்வு கழற்றும் போல்ட்டுகள் எவை என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிச் சத்தம் காணாமல் போகும்: நம்பர் பிளேட், பின் மட்கார்டு, சைலன்சர் கிளாம்ப், இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்ட். கழற்றி, துடைத்து, நீல நிறத் திரட் லாக் (மரையைப் பிடித்துவைக்கும் பசை) ஒரு சொட்டு விட்டுப் பூட்டுங்கள். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் அது கழலாது.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று). இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். முந்தைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், ஆகவே வித்தியாசத் தொகை கேட்டால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை இன்னொரு முறை மாற்றுங்கள், முதல் தடவை வடிக்கும்போது உள்ளே தங்கிய பழைய அழுக்கு இதில் வரும். அதே வெள்ளைத் துணிப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, முதல் துணியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் துணியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.