டிரஸ் எடை குறைக்க ஜெனடிக் அல்காரிதம்: ஆறு வருட அனுபவம்

தொழிற்கூட ஷெட்டுகளின் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸை வடிவமைப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஆறு வருடமாக அதற்கான ஆங்கிள் (L வடிவ இரும்பு) அளவுகளை ஜெனடிக் அல்காரிதம் வைத்தே தேர்ந்தெடுக்கிறேன். பல டிசைன்களை ஒரு கூட்டமாக எடுத்து, நல்லவற்றைக் கலந்தும் லேசாக மாற்றியும் தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் கணினி முறை அது.

டிரஸ்ஸின் உறுப்புகளை 12 குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கடையில் கிடைக்கும் 30 அளவுகளில் ஒன்றைப் பொருத்த வேண்டும். ஒரு சேர்க்கையைச் சோதிக்க அரை நொடி என்றாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 800 கோடி ஆண்டுக்கு மேலாகும். 80 டிசைன் கொண்ட கூட்டத்தை 150 தலைமுறை ஓட்டினால் 12,000 சோதனைதான். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகச் சிறந்த விடை என்ற உத்தரவாதம் கிடையாது. கையால் போடுவதைவிடப் பெரும்பாலும் எடை குறையும்.

முதல் விடையின் எடையைப் பார்த்துத் துள்ளினேன். உற்றுப் பார்த்தால் டிரஸ்ஸின் அடி உறுப்பான பாட்டம் கார்டு குச்சி மாதிரி இருந்தது. காற்று கூரையை மேலே தூக்கும்போது இழுவிசையில் இருக்கும் பாட்டம் கார்டு அழுத்தத்துக்கு மாறும். அந்தச் சுமை நிலையை (லோடு கேஸ்) நான் கொடுக்கவே இல்லை. வாடகைப் பத்திரத்தில் ஓட்டை தேடும் வக்கீல் போல, நான் விட்ட இடத்தில் அல்காரிதம் சரியாக நுழைந்திருந்தது. இந்திய இரும்புக் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 800:2007 சொல்லும், ஒரு உறுப்பு அதன் நீளத்துக்கு எவ்வளவு ஒல்லியாக இருக்கலாம் என்ற மெலிவு விகித வரம்புகளையும் (சுமைகளால் அழுத்தம் வாங்கும் உறுப்புக்கு 180, காற்றால் மட்டும் வாங்குவதற்கு 250) அதன் பிறகுதான் ஒழுங்காக எழுதினேன்.

விதி மீறும் டிசைனின் மதிப்பெண்ணில் எவ்வளவு அபராதம் போடுவது என்பதில் ஒரு வருடம் வீணானது. குறைவாகப் போட்டால் அல்காரிதம் ஏமாற்றும், அதிகமாகப் போட்டால் கூட்டம் முழுக்க சீக்கிரமே ஒரே டிசைனாகிவிடும். இந்தத் துறை ஆய்வாளர் கல்யாண்மய் தேப் 2000-இல் சொன்ன வழி காப்பாற்றியது: இரண்டு டிசைன்களை ஒப்பிடும்போது விதிக்கு உட்பட்டது மீறியதை எப்போதும் வெல்லும், இரண்டுமே மீறினால் குறைவாக மீறியது வெல்லும். அபராத எண்ணே வேண்டாம். இன்னொன்று, ஆங்கிள்களைப் பரப்பளவு வரிசையில் அடுக்கிவிட்டு எண் கொடுங்கள். அப்போதுதான் ஒரு படி திடீர்மாற்றம் (அல்காரிதம் எண்ணைத் தற்செயலாக மாற்றுவது) உண்மையிலேயே சின்ன மாற்றமாக இருக்கும்.

எல்லாம் சரியாகி வரைபடத்தை அனுப்பியபோது, டிரஸ்ஸைச் செய்துதரும் ஃபேப்ரிகேட்டர் கேட்டார்: “சார், இது டிரஸ்ஸா, ஆங்கிள் கடை சாம்பிளா?” 12 குழுவில் ஒன்பது விதமான அளவு! வாங்குவதும் வெட்டுக்கழிவும் மிச்சமான எடையை விழுங்கிவிடும். இப்போது எடை ஒரு இலக்கு, அளவு வகைகளின் எண்ணிக்கை இன்னொரு இலக்கு. அதற்கு, பல இலக்குகளை ஒருசேரப் பார்க்கும் ஜெனடிக் அல்காரிதமாக 2002-இல் தேப் குழு வெளியிட்ட என்.எஸ்.ஜி.ஏ.-2 அருமையாகப் பொருந்துகிறது. நான்கு வகைக்கு மேல் போவதை நானே நிறுத்திவிட்டேன்.

இரண்டு மூன்று மாறிகள் மட்டும் உள்ள வேலைக்கு இதைத் தொடுவதில்லை, எக்செல் போதும். மற்றபடி, தற்செயல் தேர்வுகளுக்கு அடிப்படையான தொடக்க எண்ணை மாற்றி மாற்றி ஐந்து முறையாவது ஓட்டுவேன். எடை ஏறக்குறைய ஒன்றாகவும் அளவுகள் மட்டும் வேறாகவும் வந்தால், ஃபேப்ரிகேட்டரிடம் யார்டில் எது கிடக்கிறது என்று போன் போட்டுக் கேட்பேன்.