ஹிமாலயன் 411-க்கு 30 மி.மீ. ஹேண்டில்பார் ரைசர்

ஆறடி ஆள் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கில் எழுந்து நின்று ஓட்டினால் ஹேண்டில்பார் தொடைப்பக்கம் போய்விடும், முதுகு கூன் போடும். ஹேண்டில்பாரை உயர்த்தும் இந்த அலுமினிய ரைசரைப் போட்ட பிறகு முழங்கையை லேசாக மடக்கி நிமிர்ந்து நிற்க முடிகிறது. கல்லுப் பாதையில் உடம்பின் எடை கைக்கு வராமல் கால் வைக்கும் ஃபுட்பெக்கிலேயே இருக்கிறது. ஆனால் மாட்டும் முறை பற்றிப் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. கொடுத்த காசுக்கு இது அநியாயம்.

மாட்டியதும் ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடக் கூடாது, ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறக் கூடாது. அப்புறம் லீவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால்தான் நிற்கும்போது மணிக்கட்டு வளையாது. ஃபுட்பெக் ரப்பரையும் கழற்றிவிட்டால் சேற்றில் பூட்ஸுக்குப் பிடி கிடைக்கும். ஐந்தரை அடிக்காரர்கள் ரைசர் வாங்க வேண்டாம், லீவரைச் சாய்த்தாலே போதும்.