சேற்றில் தாவும் மீனா, பிடில் நண்டா?

பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள் வாடகை வீட்டிலேயே இருப்பதா, கடன்பட்டாவது வீடு கட்டுவதா என்று தடுமாறும்போதெல்லாம், கடலும் நிலமும் கலக்கும் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழும் இரண்டு உயிர்கள் என் நினைவுக்கு வருகின்றன: சேற்றில் தாவித் திரியும் மீன், ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் பிடில் நண்டு. மீன் வாடகைக்காரரைப் போல, வளை தோண்டி வாழும் நண்டு சொந்த வீட்டுக்காரரைப் போல.

செலவு: மீன் செவுள் அறையில் நீரைத் தேக்கிக்கொண்டு கரையேறுகிறது, தோலாலும் சுவாசிப்பதால், உடல் உலராமலிருக்க அடிக்கடி ஈரத்தில் புரண்டாக வேண்டும். நண்டுக்கோ வளை தோண்டும் உழைப்பு இருக்கிறது. பெரிய கொடுக்கை உயர்த்திக்கொண்டு வரும் இன்னோர் ஆண் நண்டிடமிருந்து அதைக் காக்கும் மல்லுக்கட்டும் உண்டு.

பாதுகாப்பு: ஓதம், அதாவது கடல்நீர், ஏறினால் நண்டு வளைவாயைச் சேற்றால் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்துவிடும். மீன் துடுப்பை ஊன்றி வேர்மேல் ஏறிக்கொள்ளும்.

இடம் மாறும் எளிமை: மீனுக்கே. நண்டு வளையை விட்டு அதிகத் தொலைவு போவதில்லை.

முட்டையிடும் காலத்தில் மீனும் வளை தோண்டுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. இருந்தாலும், அடிக்கடி மாற்றல் வரும் பணியில் உள்ள தனியாளுக்கு மீனின் வழியும், பள்ளி செல்லும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும் உடனிருப்பவருக்கு நண்டின் வழியும் பொருந்தும் என்பது என் கருத்து.