பழனி மலை ரோஸ்டரியில் காபிக்கொட்டை: தொடர்ந்து வாங்கிப் பயன்படுத்தியதில் தெரிந்தவை

ஏரிக்கரைக் கடைகளில் 'கொடைக்கானல் காபி' என்று எழுதித் தொங்கும் பாக்கெட்டுகளைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கொடைக்கானல் ஊர் இருப்பது பழனி மலைத்தொடரில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். அந்தக் குளிர் காபிச் செடிக்கு ஒத்துவராது. காபி விளைவதெல்லாம் கீழ்மலையில்: தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர், கே.சி.பட்டி. சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்கும் மலை வாழைக்கும் நடுவில் நிற்கிற செடிகள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2019-இல் குறியீடு பெற்ற ஐந்து காபிகளோ குடகு, வயநாடு, சிக்கமகளூரு, அரக்கு, பாபாபுதன்கிரி. பழனி மலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பெயரை நம்பி வாங்குவதில் பொருளில்லை. எந்த ஊர்த் தோட்டம், எந்தப் பருவத்து அறுவடை, என்ன ரகம், என்றைக்கு வறுத்தது என்று பாக்கெட்டிலேயே அச்சிடுகிற சிறு ரோஸ்டரிகள் (காபிக்கொட்டை வறுத்து விற்கும் இடங்கள்) இப்போது மலையிலும் அடிவாரத்திலும் இருக்கின்றன. வாங்கினால் அங்கே வாங்கலாம். 'பேக்கிங் தேதி' மட்டும் போட்டிருந்தால் அது வறுத்த தேதி ஆகாது. மூட்டையில் ஒரு மாதம் கிடந்ததை இன்றைக்குப் பாக்கெட்டில் போட்டாலும் பேக்கிங் தேதி இன்றையதுதான்.

அதற்காக, வறுத்த சூட்டோடு வாங்கி வருவதில் பெருமை ஒன்றும் இல்லை. வறுபட்ட கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடு நிறையச் சிக்கியிருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் அரைத்து ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினால் பொடி பொங்கி எழும், மேலே வைத்த தட்டைத் தூக்கும், தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்து இறங்கிவிடும். டிகாஷன் நுரையோடு, வெளிறி, லேசான புளிப்போடு வரும். "புதுக் கொட்டைதானே, ஏன் இப்படி?" என்று ரோஸ்டரியில் கேட்பவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இதுதான். மீடியம் டார்க் வறுவலுக்கு நான்கு நாள், அதைவிட இளம் வறுவலுக்கு ஒரு வாரம் பாக்கெட்டைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து மூன்று வாரம் வரை நல்ல காலம். ஒரு மாதம் தாண்டினால் காபி கெட்டுப்போகாது, ஆனால் மணம் அடங்கி வெறும் கசப்பு மிஞ்சும். கடையிலேயே பொடியாக்கி வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் சுருங்கிவிடும். பொடிக்கு ஒரு வாரம்தான் ஆயுள்.

பாக்கெட் உப்பியிருந்தால் புதுசு என்று ஒரு நம்பிக்கை உண்டு. மலையில் அது செல்லாது. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைவு. அடிவாரத்தில் கட்டிய பாக்கெட் காட் ரோடு ஏறி வரும்போது தானாகவே உப்பும்; சிப்ஸ் பாக்கெட்டும்தான் உப்புகிறது, அது புதிதாக வறுத்ததாலா? இதற்கு நேர்மாறானது பார்சலில் நடக்கும். மேலே கட்டிய, வால்வு உள்ள பாக்கெட் மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் சேரும்போது உள்ளே இழுத்துக்கொண்டு, கொட்டையோடு ஒட்டிக் கிடக்கும். காற்றுப் போய்விட்டது, பழையது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். வால்வு ஒருவழி, உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. பாக்கெட் ஒட்டிக் கிடப்பது வால்வு ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம். கவலைப்பட வேண்டியது, மலையில் கட்டிய பாக்கெட் கீழே வந்தும் தொளதொளவென்று இருந்தால்தான். சீல் எங்கோ விட்டிருக்கும்.

மலையில் இருப்பவர்கள் வறுவலைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரின் கொதிநிலையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். உயரம் ஏறுகையில் 300 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி வீதம் கொதிநிலை குறைகிறது. வத்தலகுண்டில் தண்ணீர் கொதிப்பது ஏறக்குறைய 99 டிகிரியில், தாண்டிக்குடியில் 96 அளவில், கொடைக்கானலில் 93-இல். டிசம்பர் காலையில் சில்லிட்டுக் கிடக்கும் பித்தளை ஃபில்டரில் அந்த 93 டிகிரித் தண்ணீரை ஊற்றினால் பொடியைத் தொடும்போது 85 கூட இருக்காது. இளம் வறுவல் கொட்டை கெட்டியானது, சாறு எளிதில் இறங்காது. இந்தச் சூட்டில் அதிலிருந்து முதலில் வருவது புளிப்பு, இனிப்பும் கெட்டித்தன்மையும் உள்ளேயே நின்றுவிடும். கீழே ஒருவர் புகழ்ந்து எழுதிய இளம் வறுவலை வாங்கி மேலே போட்டுப் பார்த்து முகம் சுளிப்பது இதனால்தான். பால் சேர்த்தால் இன்னும் மோசம். மாலை வரை வைத்த பாலாக இருந்தால் திரிந்துபோகவும் கூடும்.

மலை வீட்டு ஃபில்டருக்கு மீடியம் டார்க்தான் பொருந்துகிறது. வறுபடும்போது கொட்டை இரண்டு முறை வெடிக்கும். ரோஸ்டரியில் சொல்ல வேண்டிய பதம்: முதல் வெடிப்பு முடிந்து, இரண்டாம் வெடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன் இறக்கியது. முதல் வெடிப்பு கொட்டைச் சூடு 196 டிகிரி அளவில் பொரி சத்தத்தோடு வரும். இரண்டாவது 225 பக்கம், மெல்லிய சடசடப்பு. இரண்டாவதைத் தாண்டினால் கொட்டையின் மேல் எண்ணெய் மினுமினுக்கும், தோட்டத்தின் ருசி போய் வறுத்த ருசி மட்டும் இருக்கும், எண்ணெய்ப் பசையில் வீட்டு கிரைண்டரும் அடைத்துக்கொள்ளும். ஊற்றும் முன் ஃபில்டரின் மேல் பாத்திரத்தை வெந்நீரில் அலசித் துடைப்பதும், கெட்டில் கொதி அடங்குவதற்குக் காத்திராமல் ஊற்றுவதும் மலையில் கட்டாயம். 'கொதித்து அரை நிமிடம் ஆறவிடவும்' என்ற அறிவுரை சமவெளிக்காரர்களுக்கானது.

தண்ணீரின் உப்பும் கணக்கில் வரும். மலை ஊற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு, புளிப்பு தூக்கலாகத் தெரியும். அதே கொட்டை திண்டுக்கல் பக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் மழுங்கி, சப்பென்று இருக்கும். ஒரே பாக்கெட்டைப் பற்றி இரண்டு ஊர்க்காரர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள்.

பருவம்

ஒரே பெயர், ஒரே தோட்டம், ஒரே வறுவல். ஆனாலும் ஏப்ரலில் வாங்கியதும் நவம்பரில் வாங்கியதும் ஒன்றாக இருப்பதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பு. பல்பரில் தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்த பார்ச்மென்ட்டின் (ஓடு நீக்காத கொட்டையின்) ஈரப்பதம் பத்துப் பதினோரு சதவீதத்துக்கு இறங்க வேண்டும். பிறகு ஓடு நீக்கி, தரம் பிரித்து, ரோஸ்டரிக்கு வர மார்ச் ஆகிவிடும். மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வறுக்கும் கொட்டைதான் இந்த மலையின் உண்மையான ருசி. வடகிழக்குப் பருவமழையும் பனிமூட்டமும் சேரும் அக்டோபர், நவம்பரில் சாக்கு மூட்டையில் கிடக்கும் பச்சைக் கொட்டை ஈரம் வாங்கி வெளுக்கும். அதை எவ்வளவு நன்றாக வறுத்தாலும் கோப்பையில் ஒரு சாக்கு வாசம் நிற்கும். பச்சைக் கொட்டையைக் காற்றுப் புகாத உள்பையில் வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வைத்திருப்பவர்கள் உற்சாகமாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை பாலுக்கு எடுபடுவது பழைய எஸ்.795. காவேரியும், 2007-இல் காபி வாரியம் வெளியிட்ட சந்திரகிரியும் தோட்டங்களில் உண்டு. சிறு விவசாயிகளிடம் பெரும்பாலும் எல்லாம் கலந்துதான் இருக்கும், அது குற்றமில்லை. காபியில் முக்கியமாக அரபிகா, ரோபஸ்டா என்று இரண்டு இனம். கழுவிப் பதப்படுத்திய அரபிகாவைத்தான் பாக்கெட்டில் 'பிளாண்டேஷன்' என்கிறார்கள். பழத்தோடு காயவைத்தது 'செர்ரி'. பீபெர்ரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தது. சீராக வறுபடும் என்பது அதன் நன்மை. மற்றபடி அதற்குக் கேட்கும் கூடுதல் விலைக்கு ருசியில் அவ்வளவு வித்தியாசம் தெரிவதில்லை. கெட்டி டிகாஷன் வேண்டுமானால் அந்தக் காசுக்கு 20 சதவீதம் ரோபஸ்டா கலக்கச் சொல்லலாம். நல்ல ரோபஸ்டா கூடலூர், வயநாடு பக்கத்திலிருந்து வருவது.

பிரித்ததும் பார்க்க வேண்டியவை

வெள்ளைத் தாளில் ஒரு கைப்பிடி கொட்டையைப் பரப்புங்கள். வெளிறிய மஞ்சள் பழுப்புக் கொட்டைகள் பழுக்காத காயிலிருந்து வந்தவை. எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது, வேர்க்கடலைத் தோல் ருசி தரும். ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கி எறியலாம். கைப்பிடிக்கு ஐந்தாறு என்றால் பழம் பறித்ததிலேயே கோளாறு. குண்டூசி முனை அளவு துளைகள் காய்த்துளைப்பான் வண்டின் வேலை. கொட்டையின் நுனி மட்டும் கருகியிருந்தால் வறுக்கும் டிரம் அதிகச் சூட்டில் இருந்திருக்கிறது. வெளியே நல்ல நிறம், கடித்தால் உள்ளே வெளிர், வாயில் வைக்கோல் ருசி என்றால் டிரம் சரியாகச் சூடேறும் முன் போட்ட முதல் ஈடாக இருக்கும். குளிர்காலக் காலைகளில் இது சகஜம். மழைக்காலத்தில் இன்னொன்று: வறுக்கும் நடுவில் கரண்ட் போனால் டிரம்மும் ஆற்றும் விசிறியும் நின்றுவிடும், கொட்டை தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டர் வைத்திருக்கிற ரோஸ்டரியா என்று கேட்பது விநோதமாகத் தோன்றலாம். மலையில் அது நியாயமான கேள்வி.

கல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். மண் களத்தில் காய்ந்த செர்ரியில் சிறு கற்கள் கலந்து வரும். கல் பிரிக்கும் மெஷின் இல்லாத சிறு இடங்களில் அவை பாக்கெட் வரை வந்துவிடும். மிக்ஸி பிளேடு தாங்கும். கை கிரைண்டரின் பல் உடைந்தால் அந்தச் செலவில் இரண்டு மாதக் காபி வாங்கலாம். தட்டில் கொட்டிப் பார்த்துவிட்டே கிரைண்டரில் போடுங்கள்.

சிக்கரி வேண்டும் என்றால் தனியாக வாங்கி வீட்டில் கலப்பது நல்லது. விதிப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அளவைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும். 80:20 கலவையின் விலையைத் தனிக் காபி விலையோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். சிக்கரி எப்போதும் மலிவு. தனிக் காபி கேட்டும் சிக்கரி வாடை வந்தால் ஏமாற்று என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஒரே மில்லில் முன்னால் அரைத்த கலவை உள்ளே தங்கியிருக்கும். 'முதல் கைப்பிடியை ஓட்டித் தள்ளிவிட்டு அரைங்க' என்று சொன்னால் போதும். சந்தேகம் தீராவிட்டால் கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டே அடியில் இறங்கும்.

அளவு: 30 கிராம் பொடிக்கு 150 மி.லி. தண்ணீர். பொடி ஒரு கிராமுக்கு 2 மி.லி. வீதம் தண்ணீரைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும், ஆகவே கீழே இறங்குவது 90 மி.லி. டம்ளருக்கு 30 மி.லி. டிகாஷன், 100 மி.லி. பால் என்றால் மூன்று பேருக்கு ஆயிற்று. முதலில் 40 மி.லி. மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொடி ஊறிப் பொங்கி அடங்கட்டும், பிறகு மீதி. சிக்கரி ஊறி உப்பித் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வேலையைச் செய்யும். சிக்கரி இல்லாத தனிக் காபி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் வழக்கத்தைவிட ஒரு படி நைசாக அரைக்க வேண்டும். விரலில் தேய்த்தால் ரவையைவிட மெலிதாக, ஆனால் மாவாக இல்லாமல் லேசாக நறநறக்க வேண்டும். 90 மி.லி. இறங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆனால் பதம் சரி. ஐந்து நிமிடத்தில் இறங்கினால் இன்னும் நைசாக அரையுங்கள். அரை மணி ஆகியும் சொட்டவில்லை என்றால் பொடி மாவாகிவிட்டது, அல்லது தட்டை வைத்து அழுத்திவிட்டீர்கள். மிக்ஸியில் அரைப்பவர்கள் மூன்று நான்கு விநாடியாக விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மணம் ஜாருக்குள்ளேயே போய்விடும்.

துளை அடைத்த எவர்சில்வர் ஃபில்டரை அடுப்பில் காட்டிச் சுட்டு எடுக்கலாம். ஈயம் பூசிய பித்தளையில் அதைச் செய்யக் கூடாது. ஈயப்பூச்சு என்பது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகி ஓடிவிடும். அதற்குக் குண்டூசிதான்.

மூன்று பேர் இரண்டு வேளை குடிக்கிற வீட்டுக்கு நாளைக்கு 60 கிராம், 500 கிராம் எட்டு நாள் வரும். இரண்டு 250 கிராம் பாக்கெட்டாக வாங்கினால் ஒன்று திறக்காமல் இருக்கும். எவர்சில்வர் டப்பாவில் கொட்டாதீர்கள். டப்பா காலியாகக் காலியாக உள்ளே காற்றுதான் நிறைகிறது. பாக்கெட்டையே சுருட்டி, காற்றை அமுக்கி, கிளிப் போட்டு வைப்பது மேல். மேகம் ஜன்னல் வழியே அடுக்களைக்குள் வரும் ஊரில் திறந்த பொடி இரண்டே நாளில் கட்டிதட்டும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இட்லி மாவு வாசத்தை இழுத்துக்கொள்ளும்.

நாளுக்கு ஒரே டம்ளர் போடுகிறவர்களுக்கு, மழையில் பாதை அடைபட்டு பார்சல் நாள்கணக்கில் தாமதமாகும் சமயத்துக்கு, ஃப்ரீசர் உதவும். கொட்டையாக மட்டும், வறுத்த ஐந்தாறு நாளுக்குள், வாரத்துக்கு ஒன்று என்ற அளவில் சிறு பைகளாகப் பிரித்து, காற்றை நன்றாக வெளியேற்றி ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும். வேண்டியதை முந்தின இரவே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். குளிர் முழுக்க அடங்கும் முன் பையைத் திறந்தால் ஈரக்காற்று கொட்டையின் மேல் நீராகப் படியும். எடுத்த பையைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.