சிட்டி நடுவுல பெரிய ஹோட்டல்ல ஒரு வீக்கெண்ட்

தூக்கத்துக்காகவே இந்த ஹோட்டலுக்கு மறுபடி போவேன். கீழ மெயின் ரோடு, ராத்திரி பூரா வண்டி போகுது, ஆனா ஜன்னல்ல ரெட்டைக் கண்ணாடி போட்டிருக்கறதால உள்ள சத்தமே வரல, ஸ்கிரீன இழுத்து விட்டா ஓரத்துல கூட வெளிச்சம் கசியல, விடிஞ்சதே தெரியாம தூங்கினேன். லிஃப்ட்டுக்கு தள்ளி ரூம் வேணும்னு புக் பண்ணும்போதே கேட்டு வெச்சிருங்க, அது ரொம்ப முக்கியம்.

ரூம் க்ளீன் பண்ண வந்தவங்க, நான் பெரிய தலகாணிய ஓரமா தள்ளி வெச்சிருந்தத பாத்துட்டு மெல்லிசா ஒண்ணு மாத்தி வெச்சிருந்தாங்க, நான் கேக்கவே இல்ல, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

செக்-இன் தான் மோசம். 2 மணின்னு போட்டுட்டு ரூம் குடுக்க மூணரை ஆக்கிட்டாங்க, லாபில அவ்ளோ கூட்டம், ஏன் லேட்டுன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல.

அப்புறம் டெபாசிட்னு கார்டுல ஒரு தொகைய பிளாக் பண்ணுவாங்க, செக்-அவுட் பண்ணினாலும் அது ரிலீஸ் ஆக சில நாள் ஆகலாம், அதனால டெபிட் கார்டு வேணாம், கிரெடிட் கார்டே குடுங்க. சில ஹோட்டல் மினிபார்ல, அதான் ரூம்ல கூல்டிரிங்ஸ், ஸ்நாக்ஸ் வெச்சிருக்கற குட்டி ஃப்ரிட்ஜ்ல, சென்சார் இருக்கும், பாட்டில சும்மா எடுத்து பாத்தாலே பில்லுல ஏறிரும், கெளம்பறதுக்கு முன்னாடி பில்ல வரி வரியா பாத்துருங்க.